சாப்பிடுகிற முகம்

விருத்தாசலம்
2.9.2024

அன்பு அர்ச்சுனனுக்கு,

விருத்தகிரி எழுதுகிறேன். நானும் கண்ணம்மாளும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், எனக்கு முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முறைத்துக்கொள்கிறது. உன் பையன் மணி காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தானாமே, மாட்டிக்கொள்கிறாயா, இல்லை அது பெட்டியிலேயே தூங்குகிறதா? மருமகள் தேவியைக் கேட்டதாகச் சொல்.

போனில் நான் கத்துவது உனக்கு விழுவதில்லை, எதிர்வீட்டுக்காரனுக்குத்தான் விழுகிறது. வாட்ஸப்பில் வரும் பொடி எழுத்து உன் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால்தான் தபாலாபீசுக்குப் போய் பத்து இன்லண்ட் லெட்டர் வாங்கி வந்தேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். வெண்மதி முழுகாமல் இருக்கிறாள். நாலாவது மாதம். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன், நேற்று கண்ணம்மாளையும் அழைத்துக்கொண்டு பெண்ணாடம் போனேன். மாப்பிள்ளை இனியவன் தங்கமான பிள்ளை, சர்க்கரை ஆலையில் வேலை. அவன் அம்மா ஆராயி எங்களை உட்காரவைத்து விசிறி கொடுத்தது. அவர்கள் உங்கள் சனம்தான், உனக்கே தெரியும். அதையெல்லாம் நான் மனசிலிருந்து எடுத்துப்போட்டு வெகுநாள் ஆயிற்று. வம்பு வந்தது சாப்பாட்டில். நத்தைக் குழம்பு வைத்திருந்தார்கள். அந்த வாடை எனக்கு ஆகாது, உனக்குத் தெரியும். சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

பஸ் ஏற்ற வந்த வெண்மதி என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "எங்க அத்த கையால நீ சாப்பிடணும்பா. அதுக்கப்பறந்தான் நம்ம வூட்டு வாசப்படிய நான் மிதிப்பேன். இல்லன்னா பிரசவமும் இங்கியேதான்."

தலைப்பிரசவம், அர்ச்சுனா. ஒரே பெண். அவளுக்கென்று மாடி அறையில் வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

உன் ஞாபகம்தான் வந்தது. உன் தூக்குச்சட்டியில் நத்தை இருக்கிற நாள் நம் பீங்கான் கம்பெனிக்கே தெரியும். மண் அரைக்கிற பால் மில்லை நிறுத்தும்போதே பாட ஆரம்பித்துவிடுவாய். அதில் நீ என்ன கண்டாய்? எனக்கும் கற்றுக்கொடு. வளைகாப்புக்குள் நான் அதை விரும்பிச் சாப்பிட வேண்டும். பதிலைச் சீக்கிரம் போடு.

உன்
விருத்தகிரி

*

மோர்பி
14.9.2024

மதிப்புக்குரிய மேஸ்திரி அவர்களுக்கு,

அர்ச்சுனன் வணக்கம். அண்ணியும் நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள். காது மெஷின் பெட்டியில்தான் இருக்கிறது. அதை மாட்டினால் மறுபடியும் பால் மில் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. சத்தம் இல்லாத உலகம் எனக்குப் பழகிவிட்டது.

வெண்மதி சேதியைப் படித்துவிட்டு மத்தியானம் முழுக்க நான் ஒரு மாதிரி மிதந்துகொண்டிருந்தேன். அவள் உங்கள் தோளில் உட்கார்ந்து கம்பெனிக்கு வருவாள். உடைந்த பொம்மைத் தலைகளை வரிசையாக அடுக்கிப் பெயர் வைப்பாள்.

மணி வேலைக்கு வந்த இந்தக் குஜராத் ஊரும் நம்முடையது மாதிரிதான், எங்கே பார்த்தாலும் டைல்ஸ் கம்பெனி, மரத்து இலையெல்லாம் வெள்ளைத் தூசி. போன வாரம் ஒரு கனவு. இந்தக் கம்பெனிகளுக்கு நடுவில் மணிமுத்தாறு ஓடுகிறது. நத்தைகள் கூட்டமாக ரோட்டைக் கடக்கின்றன. லாரிகள் எல்லாம் நின்று காத்திருக்கின்றன, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. எழுந்த பிறகும் வெகுநேரம் எனக்கு எந்த ஊரில் இருக்கிறேன் என்று பிடிபடவில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இங்கே பருப்பில் வெல்லம் போடுகிறார்கள். வந்த புதிதில் அதைக் கண்டாலே எனக்குக் குமட்டும். கீழ்வீட்டில் ஜெயந்திபாய் என்று ஒரு பெரியவர். ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சாப்பிட உட்காரவைத்துவிட்டார். அவர் பேச்சு எனக்குப் புரியாது, புரிந்தாலும் காதில் விழாது. அதனால் அவர் முகத்தையே பார்த்தேன். கம்பு ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்து வாயில் வைத்தார். கண் தானாக மூடிக்கொண்டது, தோள் இரண்டும் இறங்கியது. அவர் முகத்தில், வெயிலில் அலைந்துவிட்டு வந்த ஒரு சின்னப் பையன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே நானும் ஒரு வாய் வைத்தேன். இறங்கியது. இப்போது வெல்லம் குறைந்தால் நானே தேவியிடம் கேட்கிறேன்.

ஆகவே சாப்பாட்டைப் பார்க்காதீர்கள். அதை ஆசையாகச் சாப்பிடுகிறவர் முகத்தைப் பாருங்கள்.

நத்தையைப் பற்றி என்னால் சொல்ல முடிந்தது இதுதான். கோடை முழுக்க மண்ணுக்குள் வாயை அடைத்துக்கொண்டு தூங்கும். மழை விழுந்ததும் எழுந்து, வீட்டைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு வந்துவிடும். விடியற்காலையில் வரப்போரம் குனிந்து பார்த்தால் தண்ணீருக்கடியில் அது நடந்த கோடு தெரியும். அதைச் சாப்பிடும்போது எனக்குக் கறி ஞாபகமே வராது. மழைதான் ஞாபகம் வரும்.

அன்றைக்கு இலையில் வேறு என்னென்ன வைத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லையே. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

என்றும் அன்புள்ள
அர்ச்சுனன்

*

விருத்தாசலம்
25.9.2024

அர்ச்சுனா,

கடிதம் கிடைத்தது. ஒத்தடம் கொடுக்கிறேன், முழங்கால் கொஞ்சம் கேட்கிறது. நீ எழுதிய கனவைக் கண்ணம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "லாரிக்காரன் நிப்பானா, அதான் கனவு" என்று சொல்லிவிட்டு உளுந்து ஊறவைக்கப் போய்விட்டாள்.

நீ சொன்னபடி முகம் தேடிப் போனேன். பாலக்கரையில் மூன்று பெண்கள் நத்தை வைத்து விற்கிறார்கள். பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து ஒரு மணிநேரம் பார்த்தேன். வாங்குகிறவர்கள் முகம் தெரிகிறது, சாப்பிடுகிற முகம் எங்கே தெரியும்? கடைசியில் விற்கிற பெண்ணே என்னைக் கூப்பிட்டது.

"என்னாங்க, ரொம்ப நேரமா பாக்கறீங்க. யாருக்கு மூலம், உங்களுக்கா, வூட்ல அவங்களுக்கா?"

என்னைப் போன்றவர்கள் அதற்குத்தான் வாங்குவார்களாம். நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

அப்புறம் ஆற்றுக்குப் போய் மணலில் உட்கார்ந்தேன். ஓடுகிற தண்ணீர் முழங்கால்கூட இல்லை. கண்ணை மூடி நீ சொன்ன வரப்பை நினைத்தேன். நினைக்க நினைக்க வரப்பு வந்தது, தண்ணீர் வந்தது, அந்தக் கோடும் வந்தது. கோட்டின் பின்னாலேயே போனால் அந்தக் கோடியில் வெண்மதி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கிறாள், ஐந்து வயது. "அப்பா, இங்க வா" என்கிறாள். நான் போகவில்லை. கால் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

எப்படிச் சமைப்பது என்று எழுது. முதலில் வீட்டிலேயே பழகிக்கொள்கிறேன். இலையில் வைத்ததெல்லாம் வழக்கமானதுதான், அதை எழுத என்ன இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி.

விருத்தகிரி

*

மோர்பி
6.10.2024

மேஸ்திரி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நவராத்திரி. ஊரே வட்டம் கட்டி ஆடுகிறது. பாட்டு எனக்குக் கேட்காது, ஆடுகிறவர்கள் கால் மட்டும் தெரியும். காலைப் பார்த்தே பாட்டு எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரி தமிழ்மணி சமைக்கிற விதத்தைத்தான் நான் எழுத முடியும். அவள் கண்ணை மூடி, வருகிற மாசியோடு நாலு வருஷம் ஆகிறது. ஆனாலும் இதை எழுதும்போது அவள் பக்கத்தில் நின்று "அது இல்ல, இது" என்று திருத்துகிற மாதிரியே இருக்கிறது.

நத்தையை ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டுவையுங்கள். உள்ளே இருக்கிற மண்ணைக் கக்கிவிடும். மறுநாள் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, ஊக்கால் சதையை உருவுங்கள். அவள் உருவும்போது பார்க்க வேண்டும், பேசிக்கொண்டே உருவுவாள், கண் வேறெங்கோ இருக்கும். குடலைக் கிள்ளிப் போட்டுவிட்டு உப்பும் மஞ்சளும் போட்டு ஐந்து தண்ணீர் அலசுங்கள். நாலு தண்ணீர் போதும் என்பவர்கள் உண்டு, தமிழ்மணி ஐந்து. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு தட்டிப் போட்டு வதக்கி, மிளகாய்த்தூள் கரைத்து மூடிவிடுங்கள். கொதி அடங்கி எண்ணெய் மேலே வரும்போது மூடியைத் திறந்தால் மழை நின்றதும் வாசலில் வருமே ஒரு வாசம், அது கொஞ்சம் வரும். அதற்காகவே நான் அடுப்படியில் நிற்பேன். "ஆம்பளைக்கு இங்க என்னா வேல" என்று விரட்டுவாள். போய்விட்டு மறுபடியும் வருவேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கண்ணம்மாள் அண்ணியும் பக்கத்தில் உட்காரட்டும். தனியாகச் சாப்பிட்டால் இது இறங்காது.

அன்புள்ள
அர்ச்சுனன்

*

விருத்தாசலம்
20.10.2024

அர்ச்சுனா,

ஜெயித்துவிட்டேன். நீயும் உன் வீட்டாரும் நன்றாக இருக்க வேண்டும், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பாலக்கரைப் பெண்ணிடம் அரைப் படி வாங்கினேன். கண்ணம்மாள் அடுப்படிப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். சரி, அவளை ஏன் சங்கடப்படுத்துவது என்று தோட்டத்துக் கோடியில், எலுமிச்சை மரத்தடியில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டினேன். புது மண்சட்டி ஒன்று, ஒரு மரக்கரண்டி, தைத்த இலை. சூளையில் முப்பது வருஷம் நெருப்பைப் பார்த்தவனுக்கு இந்த அடுப்பு என்ன பிரமாதம்? ஆனால் ஊக்கால் உருவுவதற்குள் விரலில் நாலு இடத்தில் குத்திக்கொண்டேன். ஐந்து தண்ணீர் அலசினேன், தமிழ்மணி கணக்கு.

வாசம் நீ சொன்ன மாதிரி வந்ததா என்று கேட்டால், வந்தது என்றுதான் நினைக்கிறேன். மூக்கை அழுத்திப் பிடித்திருந்ததால் சரியாகத் தெரியவில்லை. கண்ணை மூடி வயலை நினைத்து, மழையை நினைத்து, உன்னை நினைத்து ஒன்று போட்டேன். இறங்கியது. இரண்டு. மூன்றாவது கொஞ்சம் மல்லுக்கட்டியது, அதுவும் போய்விட்டது.

அப்புறம் சட்டியையும் கரண்டியையும் மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டு உடைத்துவிட்டேன். குழாயடியில் தலைக்குக் குளித்த பிறகுதான் கண்ணம்மாள் உள்ளே விட்டாள். அவளைப் பற்றி உனக்குத் தெரியாதா? விளக்கு வைக்கிற வீடு என்பாள்.

இன்னும் இரண்டு தடவை இப்படிப் பழகினால் பெண்ணாடத்தில் ஆராயி அம்மா ஆறு வைத்தாலும் சாப்பிட்டுவிடுவேன். எல்லாம் உன் புண்ணியம். அடுத்த பாடம் எழுது.

உன்
விருத்தகிரி

*

விருத்தாசலம்
12.11.2024

அர்ச்சுனா,

பதில் இல்லையே. தீபாவளியும் போய்விட்டது. உனக்கு உடம்பு ஒன்றுமில்லையே? மணிக்கு போன் போட்டேன், "அப்பா நல்லா இருக்காருங்க, உங்க லெட்டர எடுத்து எடுத்துப் படிக்கறாரு" என்றான். படிக்கிறவன் எழுதக் கூடாதா?

கார்த்திகை இருபத்து மூன்று, ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வைத்திருக்கிறார்கள். இனியவன் நேரில் வந்து பாக்கு வைத்துவிட்டுப் போனான். தண்ணீர் குடித்தான், காபி குடித்தான். வெண்மதி வரவில்லை. அவளிடமிருந்து ஒரு சேதிதான் வந்தது: "அப்பாவுக்கு நான் சொன்னது ஞாபகம் இருக்குதான்னு கேளு."

மாடி அறையில் கட்டில் போட்டாயிற்று. தோட்டத்தில் இன்னும் இரண்டு தடவை முயற்சி செய்தேன். இரண்டு தடவையும் முடியவில்லை. என்னவோ தப்பாகப் போகிறது. எழுது.

விருத்தகிரி

*

மோர்பி
19.11.2024

மேஸ்திரி அவர்களுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முழங்காலும் அண்ணியும் எப்படி? காகிதத்தை எடுத்து எடுத்து வைத்தேன், கைதான் ஓடவில்லை.

மூன்று நத்தை சாப்பிட்டுவிட்டுத் தலைக்குக் குளித்திருக்கிறீர்கள். அதை ஒளிக்காமல் எனக்கே எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒளிக்க ஏதாவது இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை. அதைப் படித்துவிட்டு நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், எத்தனை நாள் என்று தெரியாது. கோபம் இல்லை என்று எழுதினால் பொய். கோபத்தைவிட வருத்தம் அதிகம்.

தொண்ணூற்றெட்டில் சூளைச் சூட்டில் உங்களுக்கு மூலம் வந்து நடக்க முடியாமல் கிடந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? வைத்தியர் நத்தை சாப்பிடச் சொன்னார். தமிழ்மணி பதினோரு நாள் சமைத்துக் கொடுத்தாள். நான் தூக்கில் எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டத்து வாசல் வழியாக வருவேன். அண்ணி உங்கள் கிண்ணத்தை நீட்டுவார்கள், நான் தொடாமல் மேலே இருந்து ஊற்றுவேன். நீங்கள் கண்ணை மூடி ஒரே மூச்சில் குடிப்பீர்கள். குமட்டியதே இல்லை. மருந்து என்றதும் இறங்கிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பினால் தமிழ்மணி வாசலிலேயே நிற்பாள். "அண்ணன் என்னா சொன்னாரு?" என்பாள். நீங்கள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். "நல்லா இருக்குதுன்னாரு" என்று பதினோரு நாளும் நானே சொன்னேன். மறுநாளைக்கு இன்னும் கொஞ்சம் மிளகு தட்டிப் போடுவாள்.

முப்பத்தோரு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உங்கள் டப்பாவிலிருந்து எனக்கு வத்தக்குழம்பு வைப்பீர்கள், உருளைக்கிழங்கு வைப்பீர்கள். மனசாரத்தான் வைப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் தூக்கிலிருந்து நீங்கள் ஒரு பருக்கை எடுத்ததில்லை. நத்தை இருந்த நாளும் எடுத்ததில்லை. தக்காளி சாதம் இருந்த நாளும் எடுத்ததில்லை.

வெண்மதி சின்ன வயசில் அந்த பெஞ்சுக்குக் கீழேதான் விளையாடுவாள். அவளும் பார்த்திருப்பாள்.

அன்றைக்குப் பெண்ணாடத்தில் இலையில் என்ன இருந்தது என்று நான் கேட்டேன். நீங்கள் சொல்லவில்லை. இனி நான் கேட்கப்போவதில்லை. அடுத்த பாடம் என்னிடம் கிடையாது.

அர்ச்சுனன்

*

விருத்தாசலம்
3.12.2024

அர்ச்சுனா,

நீ நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாலு நாளாக மழை. மணிமுத்தாற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது.

உன் கடிதம் வந்த அன்று படித்துவிட்டுக் கிழிக்கப் போனேன். உனக்கு இவ்வளவு வாயா என்று நினைத்தேன். மறுநாள் அதைப் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தேன். ஒரு வாரமாகச் சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைக்கிறேன்.

பெண்ணாடத்தில் அன்று இலையில் சாம்பார் இருந்தது. உருளைக்கிழங்கு வறுவல், அவரைக்காய்ப் பொரியல், அப்பளம், வடை, பாயசம் இருந்தது. எங்களுக்காகவே ஆராயி அம்மா புதுப் பாத்திரம் வாங்கி, விடியற்காலையிலேயே குளித்துவிட்டுச் சமைத்திருந்தது. அதை வெண்மதிதான் சொன்னாள். நத்தை எங்கள் இலையிலேயே இல்லை. வீட்டு ஆட்களுக்கென்று மூலையில் ஒரு சட்டியில் இருந்தது. அந்தச் சட்டி கண்ணில் பட்டதும் எனக்கு ஒரு சாக்குக் கிடைத்த நிம்மதி வந்தது. அதை எழுதவே கை கூசுகிறது. வயிறு சரியில்லை என்றேன். கண்ணம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தனக்கு விரதம் என்றாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உனக்கு எழுதும்போது எல்லாவற்றையும் நத்தை தலையில் போட்டேன். எழுதி எழுதி நானே அதை நம்பிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்க்கச் சொன்னாயே. இந்த மழையில் ஜன்னலோரம் உட்கார்ந்து உன் முகத்தை வரவழைத்துப் பார்த்தேன். நீ பால் மில்லில் கல் போடுவது தெரிகிறது. பீடி பற்றவைப்பது தெரிகிறது. சிரிப்பது தெரிகிறது. சாப்பிடுகிற முகம் வரவில்லை. முப்பத்தோரு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் அதைப் பார்க்கவே இல்லை. நீ தூக்கைத் திறந்ததும் நான் வேறு பக்கம் திரும்பிவிடுவேன் போலிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாளைக்குப் பெண்ணாடம் போகிறேன். கண்ணம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை.

விருத்தகிரி

*

விருத்தாசலம்
11.12.2024

அன்புள்ள அர்ச்சுனன் மாமாவுக்கு,

வெண்மதி எழுதுகிறேன். நீங்களும் மணி அண்ணனும் தேவி அண்ணியும் சௌக்கியமா? நானும் வயிற்றிலிருப்பதும் சௌக்கியம், ராத்திரியெல்லாம் உதைக்கிறது. அப்பாதான் உங்களுக்கு என்னை எழுதச் சொன்னார். "நடந்தத நீயே எழுதும்மா, நான் எழுதுனா என்னப் பத்தி நல்லதா எழுதிக்குவேன்" என்றார்.

போன புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அப்பா தொப்பலாக நனைந்துகொண்டு தனியாக வந்து நின்றார். எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டாயிற்று, அத்தை மட்டும் பாக்கி. அத்தைக்குக் கை கால் ஓடவில்லை. "இருங்க சம்பந்தி, இனியவன ஓட்டலுக்கு அனுப்பறேன்" என்று ஓடினார்கள்.

"சட்டியில என்னா இருக்குது?" என்றார் அப்பா.

"நேத்து வச்ச நத்தைங்க. உங்களுக்கு அது ஆவாதே."

"அதையே போடுங்க. நீங்களும் உக்காருங்க. சேந்து சாப்புடலாம்."

அத்தை சம்பந்திக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்பா தட்டைப் பார்க்கவே இல்லை மாமா, அத்தை முகத்தையே பார்த்தார். அத்தை ஒரு வாய் வைத்தால் அவரும் ஒரு வாய் வைத்தார். முதல் இரண்டு வாய் மருந்து மாதிரிதான் போனது, அவர் தொண்டையைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. அத்தைக்கு வெட்கம் தாங்கவில்லை, ஏதாவது பேசித் தீர வேண்டுமே என்று, சின்ன வயசில் வெள்ளாற்றங்கரை வயலில் நத்தை பொறுக்கப் போய், மடியில் கட்டிய நத்தையெல்லாம் திரும்பி வருவதற்குள் ஊர்ந்து முதுகுக்குப் போய்விட்ட கதையைச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவர்கள் எங்களைவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். முந்தானை நழுவியதுகூடத் தெரியவில்லை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவும் அந்த வயலுக்குப் போய்விட்டார் என்று நினைக்கிறேன். அவர் கை தானாகத் தட்டுக்குப் போய் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்தார், தட்டு காலி. "இன்னுங் கொஞ்சம் வைய்யுங்க. நல்லா இருக்குது" என்றார். நான் அவர் பெண். அவர் பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும். அந்த முகம் இல்லை.

பஸ் ஏற்றப் போனபோது, "அன்னைக்கி எனக்கு வயிறு நல்லாதாம்மா இருந்துது" என்றார். எனக்கு அது அன்றே தெரியும். குடையைக் கொடுத்து அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு முடிந்து இங்கே வந்துவிட்டேன். அம்மா அன்றும் விரதம் என்றுதான் சொன்னாள். ஆனால் பாயசத்தை மட்டும் ஒரு டம்ளர் குடித்தாள். அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். மாடி அறை ஜன்னலிலிருந்து கம்பெனிச் சிம்னி தெரிகிறது. உங்களை நினைத்துக்கொண்டேன்.

உங்கள்
வெண்மதி

அர்ச்சுனா, அடியில் கொஞ்சம் இடம் இருக்கிறது, நான் எழுதுகிறேன். உன் வீட்டில் ஒரு வேளை சாப்பிட வேண்டும். மருந்தாக இல்லை. எப்போது வருகிறாய்? இனிமேல் என்னை மேஸ்திரி என்று கூப்பிடாதே.
விருத்தகிரி

*

மோர்பி
28.12.2024

அன்பு விருத்தகிரி,

நான் சுகம். வெண்மதியை மாடிப்படியில் அதிகம் ஏறி இறங்க விடாதே. 'நீ' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். பழக நாளாகும்.

வெண்மதி கடிதத்தைத் தேவிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். முதுகில் நத்தை ஊர்ந்த இடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அன்று மத்தியானம் தூங்கியபோது நான் பெண்ணாடத்தில் இருந்தேன். ஆராயியம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தது, நீ பார்த்துக்கொண்டிருந்தாய், நான் கதவோரம் நின்று உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை.

குழந்தை பிறக்கிற சமயம் மாசியில் வருகிறேன். அங்கே என் வீட்டுச் சாவி எதிர்வீட்டுத் துர்காவிடம் இருக்கிறது, கூட்டிப் பெருக்கி வைக்கச் சொல்லி மணியை போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். மாசியில் வயல் காய்ந்திருக்கும், நத்தை கிடைக்காது. அதனால் தக்காளி சாதம்தான் போடுவேன்.

நீ கேட்டதைத் தமிழ்மணி இருந்தபோது கேட்டிருக்கலாம். அதை எழுதாமல் விட என்னால் முடியவில்லை. அவள் கை ருசி எனக்கு வராது. அது எப்படி இருந்தது என்று நான் உனக்கு எத்தனை கடிதம் எழுதினாலும் சொல்ல முடியாது.

வீட்டுக்குள் புழுக்கமாக இருக்கும், வாசலில் பாயை விரித்துத்தான் உட்கார வேண்டும். போகிற வருகிற எல்லாரும் பார்ப்பார்கள், அந்தத் தெரு அப்படித்தான். சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று நீ சொல்வாய். நான் நம்பப்போவதில்லை. ஆனாலும் சொல். சத்தமாகச் சொல், தெருவில் நாலு பேர் காதில் விழட்டும்.

அர்ச்சுனன்